வீடியோவின் வலது பாதி

உனக்கு,

நீ ஓசூருக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. அம்மாவோடு தினமும் பேசுகிறாய், என்னோடு பேசவில்லை. போன் ஸ்பீக்கரில் இருக்கும்போது நான் அறைக்குள் வந்தால் உனக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது; "சரிம்மா, ஷிப்டுக்கு டைம் ஆச்சு" என்று வைத்துவிடுகிறாய். சரிதான். சமாதானம் பேச இதை எழுதவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் என்னிடம் ஒன்று கேட்டாய். அந்த வீடியோவில் எது நிஜம், எது பொய் என்று அதைப் பார்த்தவர்களுக்கெல்லாம் நானே சொல்ல வேண்டும், சொல்லும்வரை இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றாய். இப்போது சொல்கிறேன். உனக்குச் சொல்வதை ஊருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் உன்னை நான் அவமானப்படுத்தியது நாலு சுவருக்குள் அல்ல.

எனக்கு மென்மையாகப் பேச வராது, இந்தக் கடிதத்துக்காக அதைப் புதிதாகக் கற்றுக்கொள்ளவும் போவதில்லை. நீ பிறந்தபோது எனக்கு இருபத்தொன்று. டிப்ளமா முடித்த ஈரம் காயவில்லை. இப்போதும் நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் நின்றால் அண்ணன் தம்பியா என்று கேட்கிறார்கள். நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய், நான் சிரிப்பேன். அப்பன் ஆகிற வயதில் அப்பன் ஆகியிருந்தால் பொறுமை இருந்திருக்கும் என்று உன் அம்மா சொல்கிறாள். இருந்திருக்காது. அது வயதில் வருகிற சரக்கு அல்ல. ஒரு இயந்திரம் ஓடவில்லை என்றால் எங்கே அடைத்திருக்கிறது என்று பார்ப்பேன், பார்த்துச் சரி செய்வேன், சரியாகவில்லை என்றால் தூக்கிப் போடுவேன். உன்னிடமும் அதையேதான் செய்தேன். நீ ஓடவில்லை. எங்கே அடைத்திருக்கிறது என்று மட்டும் நான் பார்க்கவில்லை.

என் வேலை எப்படி எழுத்துப் பக்கம் போனது என்று உனக்கே முழுதாகத் தெரியாது. கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப்பெயர் ஓடுகிற எல்இடி போர்டு செய்யும் ஒரு சின்ன யூனிட்டில் இருந்தேன். பதினாறு புள்ளி உயரத்துக்குள் தமிழை அடைக்க வேண்டும். ணகரத்தின் சுழிகளைத் திறந்து வைத்தால் பக்கத்து எழுத்துக்கு இடமில்லை. மூடினால் வெறும் பூசணிக்காய். எந்தச் சுழியைத் திறப்பது, எதைக் கொல்வது என்று ஒவ்வொரு புள்ளியாக முடிவு செய்தவன் நான். ஓடுகிற பஸ்ஸைப் பார்த்து ஒரு கிழவர் "பெரியபாளையம்தானே" என்று கையை நீட்டினால் நான் ஜெயித்தேன். பாலிடெக்னிக்கில் சொல்லித்தராத வேலை. அந்தப் போர்டுகளைப் பார்த்துத்தான் சென்னையிலிருந்த டிசைன் கம்பெனிக்காரர் பிரகாஷ் என்னைக் கூப்பிட்டார். ஒரு குழந்தைகள் சேனல் தன் முகத்தை மாற்றிக்கொள்ளப் போகிறது; லோகோ, நிறம், பாட்டுக்குக் கீழே ஓடுகிற வரிகள், எல்லாவற்றுக்கும் புதிய தமிழ் எழுத்துரு வேண்டும் என்றார்.

கூட்டத்தில் பிரகாஷின் ஆட்கள் வரைந்திருந்ததைத் திரையில் போட்டார்கள். ஊதி ஊதி வெடிக்கப் போகிற பலூன் மாதிரி ஒவ்வோர் எழுத்தும். சுழியெல்லாம் அடைபட்டு, னகரமும் ணகரமும் ஒரே குடும்பத்துக் குண்டுப் பிள்ளைகளாக நின்றன. சேனல்காரர் நாற்காலியில் சாய்ந்து, "செம க்யூட். குழந்தைன்னா இப்படித்தான் கொழுகொழுன்னு இருக்கணும்" என்றார். "இதைக் குழந்தையால படிக்க முடியாது சார்" என்றேன். "படிக்க மாட்டாங்க பாஸ், பார்ப்பாங்க" என்றார். மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். நான் இன்னொன்று போட்டுக் காட்டினேன்: மெலிந்த கோடு, சுழிகள் திறந்து, எழுத்துக்கு எழுத்து மூச்சுவிட இடம். "இது ரேஷன் கார்டு மாதிரி இருக்கு" என்றாள் ஒரு பெண். மறுபடி சிரிப்பு. பிரகாஷ் என்னைத் தனியே கூப்பிட்டு, "உங்க பாயின்ட் சரி. ஆனா பாயின்ட வெச்சு இவங்கள ஜெயிக்க முடியாது. குழந்தைங்கள வெச்சு டெஸ்ட் பண்ணி வீடியோ எடுத்துட்டு வாங்க, அடுத்த வாரம் காட்டலாம்" என்றார். முப்பது பிள்ளைகளையாவது உட்கார வைத்தால்தான் அதற்குப் பெயர் டெஸ்ட். பள்ளிக்கூடத்தில் அனுமதி, பெற்றோர் கையெழுத்து என்று இரண்டு வாரம் பிடிக்கும். எனக்கு இரண்டு வாரம் இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் நீ இருந்தாய். உனக்குப் பத்து வயது.

உனக்குப் படிப்பதில் ஏதோ கோளாறு என்று எனக்கு முன்பே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று இதைப் படிக்கிற ஒருவரும் நினைக்கக் கூடாது. அதற்கு முந்தின வருஷம் பெரியபாளையத்தில் உன் மாமன் மகளுக்கு மொட்டை போட்டோமே, அன்றைக்கு உன் மாமன் ஒரு கல்யாணப் பத்திரிகையை உன் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். "நிகழும் மங்களகரமான" என்று தொடங்கி நீ மடமடவென்று போனாய். பெண் பெயர் வந்த இடத்தில் நின்றுவிட்டாய். "இன்னா மாப்ள, மந்திரம்லாம் ஐயரு மாதிரி வருது, பேரு வந்தா மட்டும் நாக்கு ஒட்டிக்குது" என்றார். எல்லாப் பத்திரிகையிலும் வருகிற வரியை நீ காதால் கேட்டு மனப்பாடமாக வைத்திருந்தாய். பெயர் மட்டும்தான் புதிது. எனக்கு அது அந்த நிமிஷமே புரிந்தது. புரிந்தும், "அவன் மரமண்டை மச்சான், படிக்கறதில்ல, ஒப்பிக்கிறான்" என்று சொல்லி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான். நீயும் சேர்ந்து சிரித்தாய். அது ஏன் என்று இப்போது தெரிகிறது. அழுதால் இன்னும் சிரித்திருப்போம்.

வீடியோ எடுத்த ஞாயிற்றுக்கிழமையை நீ மறந்திருக்க மாட்டாய், நானும் மறக்கவில்லை. "டிவில வர்றியா?" என்று கேட்டேன். வேறு எப்படிச் சொல்லியும் நீ புத்தகத்தின் பக்கத்தில் வர மாட்டாய் என்பதால் அப்படிக் கேட்டேன். குளித்தாய். அம்மாவிடம் பவுடர் போட்டுக்கொண்டாய். பொங்கலுக்கு எடுத்த நீலச் சட்டை. லேப்டாப்பில் முதலில் பலூன் எழுத்து. "அணில் அண்ணன் மண்வெட்டி எடுத்துக் கிணறு தோண்டினான்" என்று ஒரு வரி, அதுபோல இன்னும் ஏழு. நீ முதல் சொல்லிலேயே மாட்டிக்கொண்டாய். விரலைத் திரையில் வைத்தாய், எடுடா என்றேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மூக்கின் மேல் வேர்வை. "நைனா, இன்னொரு வாட்டி" என்றாய். கேமரா ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு வேண்டியது கிடைத்துக்கொண்டிருந்தது. நீ திணறத் திணற எனக்குச் சந்தோஷம். இதைவிடக் கேவலமான ஒரு வாக்கியத்தை என்னால் எழுத முடியாது. ஆனால் அன்றைக்கு நடந்தது அதுதான்.

பிறகு என் எழுத்தைப் போட்டேன். திறந்த சுழி, விட்ட இடைவெளி, எட்டு வருஷம் பஸ் போர்டில் நான் கற்ற அத்தனையும். நீ அதிலும் அப்படியே திணறினாய். துளி வித்தியாசம் இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் வேலையை நீ வேண்டுமென்றே கெடுப்பதுபோல இருந்தது. தொடையில் கிள்ளினேன். அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. எட்டு வரியையும் நான் இரண்டு முறை உரக்கச் சொன்னேன். உனக்கு ஒரு முறையே போதும், அந்தக் காது உனக்கு. கேமராவைப் போட்டேன். ஆற்றில் தண்ணீர் போவதுபோலச் சொன்னாய், அணில் அண்ணன் முதல் கடைசி வரிவரை, கடைசியில் நீயாகவே ஒரு சிரிப்பு. "நல்லாருக்கா நைனா?" என்று கேட்டதை மட்டும் வெட்டி எடுத்தேன்.

இடது பாதியில் பலூன் எழுத்து, திணறுகிற நீ. வலது பாதியில் என் எழுத்து, சரளமாகப் படிக்கிற நீ. கூட்டத்தில் போட்டபோது இடது பாதிக்குச் சிரித்தார்கள், வலது பாதிக்குக் கை தட்டினார்கள். சேனல்காரர் எழுந்து வந்து கை கொடுத்தார். "யாரு பாஸ் இந்தப் பையன்?" என்றார். "பக்கத்து வீட்டுப் பையன்" என்றேன். உன் அப்பன் என்று சொன்னால் சோதனைக்கு மதிப்பில்லை அல்லவா. அத்தனை பேர் முன்னால் நீ என் பிள்ளை இல்லை என்று சொன்னபோது எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை.

என் எழுத்து ஜெயித்தது. சேனல் புது முகத்தோடு வந்த அன்று நீ காலையிலேயே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாய். நாஷ்டா தட்டு மடியில் ஆறியது. ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே என் எழுத்து ஓடியது, நீ அதைப் பார்க்கவில்லை, உன் முகத்தைத் தேடினாய். அடுத்த நாளும். ஒரு வாரம் கழித்து, "நைனா, நா எப்ப வருவேன்?" என்றாய். நான் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "நீ ஒழுங்கா படிக்கல, அதான் உன்ன எடுத்துட்டாங்க" என்றேன். ஒரு பொய் போதும் என்று நிறுத்தியிருக்கலாம். உன் கேள்வியைச் சீக்கிரம் முடிக்க அது சுலபமான வழி என்பதால் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தச் சேனலை நீ போடவே இல்லை. உன் அம்மா, "ஏன்யா, புள்ளகிட்ட இன்னா சொன்ன?" என்று கேட்டாள். "உண்மையச் சொன்னேன்" என்றேன்.

இது மட்டும் என்றால் ஒரு குழந்தையின் ஏமாற்றம், காலம் ஆற்றும் என்று விட்டுவிடலாம். ஆறாம் வகுப்பில் உன் தமிழ் டீச்சர் என்னைக் கூப்பிட்டு விட்டார். "பையன் சோம்பேறி இல்ல சார். வாசிக்கறதுல ஏதோ சிக்கல் இருக்கு. திருவள்ளூர்ல டெஸ்ட் எடுக்கறாங்க, கூட்டினு போங்க" என்றார். அந்த டீச்சர் ஒருவர்தான் உன்னைச் சரியாகப் பார்த்தவர். டெஸ்டில் கோளாறு என்று வந்துவிட்டால் என் வீடியோ என்ன ஆகும்? படிக்கவே சிரமப்படுகிற பிள்ளை, எந்த எழுத்தைக் கொடுத்தாலும் திணறுவான் என்று ஆகிவிடும். அதற்குள் பிரகாஷ் அதைத் தன் வெப்சைட்டில் போட்டிருந்தார். நான் எஸ்டேட் வேலையை விட்டு முழுநேரம் எழுத்து வேலைக்கு வந்திருந்தேன். போகிற இடமெல்லாம் அந்த இரண்டு பாதிதான் என் விசிட்டிங் கார்டு. நான் டீச்சரிடம் போனை நீட்டினேன். வலது பாதியை மட்டும் போட்டேன். "பாருங்க டீச்சர், எப்படிப் படிக்கிறான். ஊட்ல நல்லா படிப்பான், இஸ்கூல்ல நடிக்கிறான்." அவர் முழுதும் பார்த்தார். "சாரி சார்" என்றார். அன்றிலிருந்து அவருக்கும் நீ படிக்கத் தெரிந்தும் படிக்காதவன். மூன்று வருஷம் கடைசி பெஞ்ச், வெளியே முட்டி போடுவது, எல்லோர் முன்னாலும் பாடத்தை உரக்கப் படி என்று நிற்க வைப்பது. உனக்கு உதவ வந்த கையில் பிரம்பைக் கொடுத்தது நான்.

ஒன்பதாம் வகுப்பில் உன் அம்மா என்னிடம் சொல்லாமல் உன்னைக் கூட்டிப் போனாள். அத்தை வீடு என்று பொய் சொல்லி, கும்மிடிப்பூண்டி போய், பெரியபாளையத்தில் பஸ் மாறி, திருவள்ளூருக்கு. வாசிப்பதில் குறைபாடு என்று சர்டிபிகேட் வந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சையில் கூடுதல் நேரம் கொடுத்தார்கள், பாஸ் செய்தாய். நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? "ஊனமுற்றவன்னு சீட்டு வாங்கி பாஸாயிட்டான்." நீ மார்க் ஷீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தாய். உன் அம்மா என்னிடம் இரண்டு மாதம் பேசவில்லை. நான் அதை ஒரு நிம்மதி என்று எண்ணினேன்.

ஐடிஐயில் கடைசி மாதம். எவனோ டிசைன் பாடம் நடத்துகிறவன் அந்த வீடியோவை எடுத்து, தப்பான ஃபாண்ட் ஒரு குழந்தையை என்ன செய்கிறது பாருங்கள் என்று போனில் உலவ விட்டிருந்தான். உன் செட்டுப் பையன்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒர்க்‌ஷாப்பில் உன்னைப் பார்த்து "அணில் அண்ணன் வந்துட்டாருடா" என்றார்களாம். வீட்டுக்கு வந்து போனை என் கீபோர்டின் மேல் வைத்தாய். "நைனா, இது நான்தான?" நான் போனைத் தள்ளி வைத்தேன். "லெஃப்ட்ல இருக்கறது நான். ரைட்ல இருக்கறது நீ. நீ சொன்னத சொல்லிக்கினு இருக்கேன், அவ்ளோதான். எட்டு வருசமா ஒருத்தனுக்குமா தெரியல?" குரலை உயர்த்தவில்லை நீ. உன் அம்மா அடுப்பங்கரையிலிருந்து வந்து நின்றாள். "ரெண்டையும் எடுக்கச் சொல்றேன்டா" என்றேன். "லெஃப்ட்ட ஏன் எடுக்கற? அது நெசம். அது இருக்கட்டும். நீ செஞ்ச ரைட்ட எடு. எடுத்துட்டு ஏன் எடுத்தேன்னு சொல்லு." பத்து வயதில் நீ திணறியதைப் பற்றி உனக்கு வெட்கமில்லை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நான் வெட்கப்பட்டதைத்தான் நீ சுமந்திருக்கிறாய்.

நீ கிளம்பிய மறுநாள் பிரகாஷிடம் போனேன். "எட்டு வருஷம் கழிச்சு இப்ப என்ன பாஸ்? ஃபாண்ட் நல்ல ஃபாண்ட்தானே?" என்றார். "ஃபாண்ட் இருக்கட்டும், டெஸ்ட் பொய்" என்றேன். "அதனால யாருக்கு நஷ்டம்?" என்றார். "அந்தப் பையனுக்கு" என்றேன். "உங்க பக்கத்து வீட்டுப் பையனுக்கா?" என்றபோது, அவன் என் பையன் என்று சொன்னேன். "பொண்டாட்டிகிட்டகூட நான் இப்படிப் பொய் சொன்னதில்ல" என்றார். சாயங்காலத்துக்குள் அவருடைய வெப்சைட்டிலிருந்து வீடியோ போய்விட்டது. காலையில் பார்த்தால் அந்த எழுத்துருவின் கீழே இருந்த என் பெயரும் போயிருந்தது. நீ கேட்டதை அவர் செய்யவில்லை. ஒரு விளக்கமும் இல்லாமல் இரண்டு பாதியையும் சேர்த்தே அழித்துவிட்டார். "வெளியில எழுதினீங்கன்னா இந்த ஊர்ல வேற யாரும் உங்களுக்கு வேலை தர மாட்டாங்க" என்று போனில் சொன்னார். அப்படித்தான் நடக்கும். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் செய்தேன், அதைச் செய்யச் சொல்லி உன் அம்மாகூடக் கேட்கவில்லை. அந்த இரண்டு எழுத்தையும் தாளில் அச்செடுத்து, நம் தெருப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேரை, அவர்கள் அம்மாக்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படிக்கச் சொன்னேன். கேமரா இல்லை. நன்றாகப் படிக்கிறவர்கள் இரண்டையும் படித்தார்கள். திணறுகிறவர்கள் இரண்டிலும் திணறினார்கள். ஒரு பெண் பலூன்தான் பிடித்திருக்கிறது என்றாள். பத்துப் பேரை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு ஆளை வைத்து முடிவு கட்டியவன் நான். என் எழுத்து நல்லதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அது தெரியாமலேயே எட்டு வருஷம் நெஞ்சை நிமிர்த்தி நடந்திருக்கிறேன்.

அப்பன் கடிதம் என்றால் புத்திமதி இருக்க வேண்டும். எனக்கு அதற்குத் தகுதி இல்லை, ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உனக்குக் கிடைத்திருப்பது இன்ஸ்பெக்‌ஷன் வேலை. ஒரு உருப்படியை எடுத்து மைக்ரோமீட்டரில் பிடித்து, வருகிற அளவை எழுதுவது. ஷிப்ட் முடிகிற நேரத்தில் அன்றைய லாட் மொத்தமும் வண்டி ஏற வேண்டும் என்று சூப்பர்வைசர் தலைமேல் நிற்பார். அளவு கொஞ்சம் தப்பியிருக்கும். உருப்படி நல்லதுதான், ஓடும், ஒன்றும் ஆகாது என்று உனக்கே தோன்றும். அப்போதும் கருவி காட்டியதை எழுது. உன் எண்ணம் சரியாக இருக்கலாம்; எழுதுகிற எண் பொய்யாகிவிட்டால், பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்ற ஒவ்வொரு நாளும் ஒரு நல்ல உருப்படியை உடைக்க வேண்டி வரும். நான் உடைத்தது எதை என்று மேலே எழுதியிருக்கிறேன். இன்னொன்று, அங்கே எதையாவது படிக்கக் கொடுத்தால், எனக்கு நேரம் வேண்டும் என்று நேராகச் சொல். காதால் கேட்டு ஒப்பித்துச் சமாளிக்காதே. அந்த வித்தையை உன்னிடம் முதலில் பயன்படுத்திக்கொண்டது உன் அப்பன் என்பதற்காகவாவது அதை விட்டுவிடு.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கலாமா என்று அம்மா மூலம் உன்னைக் கேட்டேன். "இவ்ளோ நீளம் எழுதிக்கிற, அத்த நீயே போன்ல பேசி அனுப்பிடேன்யா, புள்ள கேட்டுக்குவான்" என்றாள் அவள். உன் பதிலைப் பக்கத்திலிருந்து நானே கேட்டேன், இந்த முறை நீ அறியாமல். "பேச்செல்லாம் வேணாம்மா. எழுதனதே அனுப்பச் சொல்லு. நா படிக்கிறேன். நா முழுசா படிச்சிட்டு சொன்னப்புறம் ஊருக்குக் குடுக்கட்டும். எத்தினி நாள் ஆனாலும் காத்துனு இருக்கட்டும். நடுவுல முடிச்சியா முடிச்சியான்னு கேக்கக் கூடாது." உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

உனக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று எந்த எழுத்திலும் இதை அடிக்கவில்லை, கையால் எழுதியிருக்கிறேன். என் கையெழுத்து மோசம். நாளைக்குத் தபாலில் போடுகிறேன். ஒரு மாதம் ஆகலாம், மழைக்காலம் போய் வெயில் வரலாம், நீ மூன்றாம் பக்கத்தில் நிறுத்திவிட்டு எடுக்காமலே விட்டுவிடலாம். நான் கேட்க மாட்டேன். உன்னைத் தவிர வேறு யாராவது இந்த வரியைப் படித்துக்கொண்டிருந்தால், நீ இதை முடித்துவிட்டாய் என்று அர்த்தம்.